ஆங்கிலத் தேர்வுக்கு முதன்முறை தயாராவோருக்கு ஒரு வழிகாட்டி: பேச்சிலிருந்து இலக்கணத்துக்கு

நர்சிங் அல்லது பொறியியல் முடித்துவிட்டு வெளிநாடு செல்ல முயலும் குமரி மாவட்ட இளைஞர்களிடம், ஆங்கிலத் தேர்வுக்கு எப்படித் தயாராகிறீர்கள் என்று கேட்டால், தடிமனான இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கி முதல் பாடத்திலிருந்து பயிற்சி செய்து வருவதாகவே பலரும் சொல்கிறார்கள். சில வாரங்களில் புத்தகம் பாதியில் நின்றுவிடும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் சரியாக நிரப்புவார்கள். எதிரில் ஒருவர் உட்கார்ந்து, "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் மூன்று வாக்கியத்துக்கு மேல் வராது. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு இலக்கணம் படித்த பிறகும் நிலைமை இதுவென்றால், அதையே மறுபடி அதே வரிசையில் படிப்பதால் பெரிதாக எதுவும் மாறிவிடாது. ஆகவே இந்தக் கட்டுரை வரிசையை மாற்றிப் போடுகிறது: முதலில் பேச்சு, அதில் அகப்படும் பிழை, அந்தப் பிழைக்கு வேண்டிய இலக்கணம், பிறகு சொற்கள்.

எந்தத் தேர்வு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மேற்படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் பெரும்பாலோர் எழுதுவது, பேச்சு வழக்கில் ஐல்ட்ஸ் என்று நாம் சொல்லும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு. இதில் அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் என்று இரு வகைகள் உண்டு. கேட்டலும் பேச்சும் இரண்டிலும் ஒன்றே, வாசிப்பும் எழுத்தும் மட்டும் மாறும். செவிலியர், மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் உள்ளிட்ட 12 மருத்துவத் துறைத் தொழில்களுக்கென்று தனியாக இருப்பது ஓ.இ.டி. தேர்வு. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய விரும்புவோர் இரண்டில் எதையும் எழுதலாம்: ஐல்ட்ஸ் என்றால் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5, ஓ.இ.டி. என்றால் அந்த மூன்றிலும் 350, எழுத்தில் 300 என்பது அங்குள்ள பதிவு அமைப்பின் விதி. இத்தகைய விதிகள் திருத்தப்படுவது உண்டு என்பதால், விண்ணப்பிக்கும் சமயத்தில் அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் நேரடியாகப் பார்த்துவிடுவது நல்லது. பயிற்சி மையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

வார்டில் சில ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு ஓ.இ.டி. எளிதாக இருக்கும் என்பது என் கருத்து, ஏனெனில் பேச வேண்டிய பொருள் அவர்களுக்கு ஏற்கனவே கைவந்தது. கல்லூரி முடித்த கையோடு எழுதுகிறவர்களும் மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவர்களும் ஐல்ட்ஸ் பக்கமே போகலாம்.

ஐல்ட்ஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும். முதல் பகுதியில் ஊர், வீடு, படிப்பு போன்ற பழகிய செய்திகள். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையில் தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். மூன்றாம் பகுதியில் அதே தலைப்பையொட்டிய பொதுவான கேள்விகள் வரும். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சமமான எடை. இலக்கணம் நான்கில் ஒரு பங்கு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். 7 வாங்குகிறவரின் பேச்சிலும் சில பிழைகள் இருக்கலாம் என்று அவர்களுடைய மதிப்பீட்டுக் குறிப்பே சொல்கிறது. பிழைக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்கிறவர் மற்ற மூன்று பங்கையும் சேர்த்தே இழக்கிறார்.

இரண்டு நிமிடப் பதிவு

இதுதான் உங்கள் பாடப்புத்தகம். செல்போனில் ஒலிப்பதிவை இயக்கி, "வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய ஓர் இடம்" என்பது போன்ற ஒரு தலைப்பில், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசுங்கள். பேசியதைத் திருத்தாமல், தயங்கிய இடங்களையும் "மீன்ஸ்", "லைக்" என்று இழுத்த இடங்களையும் விடாமல், சொல்லுக்குச் சொல் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு நிமிடப் பேச்சை எழுத அரை மணி நேரம்கூட ஆகலாம். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை. செல்போன் செயலியே பேச்சை எழுத்தாக்கித் தரும் என்றாலும் தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. அது உங்கள் பிழைகளில் சிலவற்றைத் தானாகவே சரிசெய்து மறைத்துவிடும்.

திருவட்டாறு பக்கத்து மாணவி ஒருவர் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றிப் பேசினார் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் இப்படி இருக்கும்: "தேர் ஒன் பிரிட்ஜ் இஸ் தேர். இட் இஸ் பில்டிங் இன் 1966. இன் மை ஸ்கூல் டேஸ் வீ ஆர் கோயிங் தேர் எவ்ரி சண்டே. நவ் ஐ ஆம் நாட் கோயிங் சின்ஸ் டூ இயர்ஸ்." நான்கு வாக்கியங்களிலும் பொருள் புரிகிறது, நான்கிலும் பிழை இருக்கிறது. முதல் வாக்கியம் "அங்கே ஒரு பாலம் இருக்கிறது" என்ற தமிழ் அடுக்கில் அப்படியே வந்தது. "தேர் இஸ் எ பிரிட்ஜ்" என்றால் போதும். பாலம் தானாகக் கட்டிக்கொள்வதில்லை என்பதால் இரண்டாவது "இட் வாஸ் பில்ட்" என்றாக வேண்டும். முன்பு வழக்கமாகச் செய்து இப்போது விட்டுவிட்டதைச் சொல்வதற்கு "வீ யூஸ்ட் டு கோ" என்ற அமைப்பு இருக்கிறது. நான்காவது "ஐ ஹேவ்ன்ட் பீன் தேர் ஃபார் டூ இயர்ஸ்" என்று மாறும்.

இப்போது இந்த மாணவிக்கு எந்த இலக்கணம் வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. செயப்பாட்டு வினை, "யூஸ்ட் டு", காலத்தின் நீட்சியைச் சொல்லும் அமைப்பு ஆகிய மூன்றையும் இலக்கணப் புத்தகத்தின் பொருளடக்கத்தில் தேடி, அந்தப் பக்கங்களை மட்டும் படித்துப் பயிற்சி செய்து, அதே தலைப்பில் மறுநாள் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு தலைப்பு போதும். புதிய தலைப்புக்குத் தாவுவதைவிடப் பழைய தலைப்பைத் திருத்திப் பேசுவதில்தான் நாக்கு பழகும்.

நம் பிழைகள் எங்கிருந்து வருகின்றன

சில பதிவுகள் சேர்ந்த பிறகு, பிழைகள் கண்டபடி வருவதில்லை, குறிப்பிட்ட சில வகைகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரியும். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கு அவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன.

முதலில் காலம். "மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால், "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று வாயில் வந்துவிடுகிறது. முன்பே தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருப்பதற்கு ஆங்கிலம் "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்" என்ற வடிவத்தைக் கேட்கும்; கால அளவைச் சொல்ல "ஃபார்", தொடங்கிய ஆண்டைச் சொல்ல "சின்ஸ்". இன்னொரு பக்கம், பலரும் பயப்படும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் நமக்கு அவ்வளவு அந்நியமானது அல்ல. "நான் கத்தாருக்குப் போயிருக்கிறேன்" என்று நாம் எப்போது சொல்கிறோமோ, அதாவது எப்போது போனோம் என்பதைச் சொல்லாமல் போன அனுபவத்தை மட்டும் சொல்லும்போது, பெரும்பாலும் அங்கே "ஐ ஹேவ் பீன்" பொருந்தும். "2019இல் போனேன்" என்று ஆண்டைச் சொல்லிவிட்டால் "ஐ வென்ட்" மட்டுமே சரி. "ஹேவ்" போட்ட வாக்கியத்தில் "யெஸ்டர்டே" வரக்கூடாது என்ற விதியையும் இதிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது "ஐஎன்ஜி" மோகம். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "ஐ ஆம் நோயிங் மலையாளம்" ஆகியவற்றில் இருப்பது செயல் அல்ல, நிலை; நிலையைச் சொல்லும் வினைகளுக்கு அந்த ஈறு வேண்டியதில்லை. மூன்றாவது, பெயருக்கு முன்னால் வரும் "எ", "த" ஆகிய சிறு சொற்கள். இவற்றின் விதிகள் நீளமானவை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். தொழிலைச் சொல்லும்போது "ஷீ இஸ் எ நர்ஸ்", முதல் முறை குறிப்பிடும்போது "எ", மறுமுறை குறிப்பிடும்போது "த" என்ற மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலே காதுக்கு உறுத்தும் பிழைகளில் பாதி குறையும்.

மரியாதைப் பன்மையும் நம்மைத் தடுமாறச் செய்யும். அம்மாவையும் டாக்டரையும் "அவங்க" என்றே சொல்லிப் பழகியதால், ஆங்கிலத்தில் "தே" என்றோ, அவசரத்தில் அம்மாவை "ஹீ" என்றோ சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒருவரை ஒருமையில் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல என்று மனத்துக்குப் பழக்க வேண்டும். இதைத் தவிர, கேள்விக்குள் கேள்வி வரும் இடம் ஒன்று இருக்கிறது: "கேன் யூ டெல் மீ வேர் இஸ் த பெயின்" என்பது தவறு, "வேர் த பெயின் இஸ்" என்பதே சரி. செவிலியர்கள் நாள் முழுவதும் சொல்ல வேண்டிய வாக்கியம் இது. நூறு முறை வாய்விட்டுச் சொன்னாலும் தகும்.

சொல்வளம்: உங்கள் மாவட்டமே போதும்

தினமும் இருபது புதிய சொல் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்பவர்களின் பேச்சில் அந்தச் சொற்கள் வருவதே இல்லை, வந்தாலும் தவறான இடத்தில் வருகின்றன. தனிச் சொல்லாக அல்லாமல், அது எதனோடு சேர்ந்து வருகிறதோ அந்தத் தொடராகவே எழுதி வையுங்கள். மழைக்கு "ஹெவி ரெயின்", காற்றுக்கு "ஸ்ட்ராங் விண்ட்". இடம் மாறிப் போட்டால் இலக்கணம் தப்பாது, ஆனால் காது ஏற்காது. ஐல்ட்ஸ் மதிப்பீட்டில் "இடியம்" என்று ஒரு சொல் வருவதைப் பார்த்துவிட்டு, பூனையும் நாயும் மழையாகப் பெய்யும் பழைய மரபுத்தொடர்களை வலிந்து திணிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த இயல்பான சொற்சேர்க்கைதான்.

தலைப்புகளை எங்கே தேடுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல், பருவநிலை, வேலைவாய்ப்பு, சுற்றுலா, மரபுச் சின்னங்கள், புலம்பெயர்தல் என்று தேர்வில் வரும் தலைப்புகள் அனைத்துக்கும் நம் மாவட்டத்தில் பொருள் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் நிலம். 2017 நவம்பரில் ஒக்கி புயலில் மீனவர்களை இழந்த கடற்கரை. தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. 133 அடி திருவள்ளுவர் சிலை. இவற்றில் ஒவ்வொன்றைப் பற்றியும் ஓர் ஆங்கிலச் செய்திக் கட்டுரையைத் தேடிப் படித்து, அதிலிருந்து ஏழெட்டுத் தொடர்களை எடுத்து, அவற்றை வைத்தே அன்றைய இரண்டு நிமிடப் பதிவைச் செய்யுங்கள். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் வர முடிகிறவர்கள் ஆங்கில நாளிதழ்களை அங்கேயே புரட்டலாம்.

சொல் தெரியாதபோது என்ன செய்வது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தேர்வறையில் பலரும் உறைந்துபோவது இந்த இடத்தில்தான். கடற்கரைக் கிராமத்து மாணவர் ஒருவர் கடலரிப்பைப் பற்றிப் பேச வருகிறார். தூண்டில் வளைவுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியவில்லை. "க்ரோயின்" என்பது அதன் பெயர், ஆனால் அது தெரியாமல் போனால் குடி முழுகிவிடாது. "எ வால் ஆஃப் ராக்ஸ் பில்ட் அவுட் இன்டு த சீ டு புரொடெக்ட் த ஷோர்" என்று சொல்லிவிட்டால் தேர்வாளருக்குப் புரியும். தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களால் சுற்றிச் சொல்லும் இந்தத் திறமைக்கே சொல்வளப் பிரிவில் மதிப்பு உண்டு. ரப்பர் பால்வெட்டு, தோவாளைப் பூச்சந்தை, கட்டுமரம், சக்கை வறுவல் என்று ஊரில் தினமும் சொல்லும் பத்துப் பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஊரைப் பார்த்திராத ஒருவருக்கு இரண்டு ஆங்கில வாக்கியத்தில் விளக்கிப் பழகுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் ஆங்கிலத் தொடர்களைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் நோட்டில் அப்படிச் செய்யாதீர்கள். பையையும் மூட்டை கட்டுவதையும் குறிக்கும் இரண்டு வேறு ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒரே "பேக்" ஆகிவிடும். கேட்டல் தேர்வில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் போகும் என்பதால், சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழக வேண்டும்.

வாயும் காதும்

வெள்ளைக்காரர்போல் பேச முயல வேண்டாம். உச்சரிப்பில் பார்ப்பது புரிகிறதா என்பதைத்தான். நம் ஊர்ச் சாயல் இருப்பது குற்றமல்ல. குறில் நெடில் வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே கைவந்தது, அதில் கவலை இல்லை. சொல்லின் ஈற்றில் உகரம் சேர்த்து "பெட்டு", "ஷீட்டு" என்பதும், முன்னால் இகரம் சேர்த்து "இஸ்கூல்" என்பதும், எகரத்தில் தொடங்கும் சொல்லை "யெக்ஸாம்" என்பதும் திருத்திக்கொள்ள வேண்டியவை. அழுத்தம் விழும் இடம் இன்னும் முக்கியம்: "ஃபோட்டோகிராஃப்" என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம் "ஃபோட்டோகிராஃபர்" என்பதில் இரண்டாம் அசைக்குப் போய்விடும். புதிய சொல்லை எழுதும்போதே அகராதியில் ஒலியைக் கேட்டு, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு இடுங்கள்.

நம் மாவட்டத்துப் பேச்சு வேகமானது. அந்த வேகத்திலேயே ஆங்கிலத்தையும் பேசினால் சொல்லின் ஈறுகள் விழுங்கப்பட்டு, பன்மையைக் காட்டும் ஒலியும் இறந்தகாலத்தைக் காட்டும் ஒலியும் காணாமல் போகும்; தெரிந்த இலக்கணத்தையும் தெரியாததுபோல் அது காட்டிவிடும். சரளம் என்றால் வேகம் அல்ல. தொடருக்கு நடுவில் நிற்காமல், தொடர் முடிந்த இடத்தில் நிற்பதுதான் சரளம். இதற்குப் பயனுள்ள பயிற்சி ஒன்று உண்டு: ஒரே செய்தியை முதலில் நான்கு நிமிடத்திலும், பிறகு மூன்றிலும், கடைசியாக இரண்டிலும், முடிந்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம், சொல்லிப் பாருங்கள். மூன்றாம் முறை சொல்லும்போது தேவையற்ற இழுவைகள் தாமாகவே உதிர்ந்திருக்கும்.

பேசுவதற்குத் துணை வேண்டும். ஆங்கிலத்தில் கரைகண்டவராக இருக்க வேண்டியதில்லை; அதே தேர்வுக்குத் தயாராகும் விடுதித் தோழியோ தம்பியோ போதும். ஒருவர் மூன்றாம் பகுதிக் கேள்வி ஒன்றைக் கேட்க, மற்றவர் தன் கருத்து, அதற்கான காரணம், ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் என்ன சொல்வார்கள் என்று நிறுத்தாமல் பேச வேண்டும். ஆயத்த விடைகளை மனப்பாடம் செய்யக் கொடுக்கும் மையங்களிலிருந்து விலகியிருங்கள். ஒப்பிக்கும்போது குரலின் ஏற்ற இறக்கம் மாறுவது தேர்வாளருக்கு உடனே தெரியும், அவர் தலைப்பைச் சற்றே திருப்பினால் போதும், விடை அறுந்துவிடும்.

ஓ.இ.டி. எழுதும் செவிலியர்களுக்கு

இதன் பேச்சுத் தேர்வில், மதிப்பெண் இல்லாத சிறு அறிமுக உரையாடலுக்குப் பிறகு, இரண்டு பாத்திர உரையாடல்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் அட்டையைப் படிக்கச் சுமார் மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம். எதிரில் நோயாளியாக நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. பதிவைக் கேட்டு வேறு மதிப்பீட்டாளர்கள் போடுவார்கள். ஒன்பது அளவுகோல்களில் நான்கு மொழிக்கு, ஐந்து நோயாளியிடம் பேசும் முறைக்கு. நம்மவர்கள் குறைவாக வாங்குவது பெரும்பாலும் இந்த ஐந்தில்தான்.

எடுத்துக்காட்டாக, சர்க்கரை நோயுள்ள முதியவர் ஒருவர் இன்சுலின் ஊசிக்கு மறுக்கிறார் என்று அட்டை சொல்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் அன்போடு வரும் முதல் வாக்கியம் "ஒண்ணும் ஆகாது பாட்டி, பயப்படாதீங்க" என்பதாக இருக்கும். அதை அப்படியே "டோன்ட் வொர்ரி, நத்திங் வில் ஹேப்பன்" என்று சொன்னால், அவருடைய பயம் என்னவென்று கேட்காமலேயே மூடிவிட்டதாக அது கணக்காகும். முதலில் கேட்க வேண்டும்: "குட் யூ டெல் மீ வாட் வரீஸ் யூ மோஸ்ட் அபௌட் த இஞ்செக்ஷன்?" அவர் வலி என்றோ, அண்டை வீட்டுக்காரருக்கு நேர்ந்ததென்றோ ஏதாவது சொல்வார்; அதை ஒரு வாக்கியத்தில் திரும்பச் சொல்லி, புரிந்துகொண்டதைக் காட்டிய பிறகே விளக்கத்துக்குப் போக வேண்டும். விளக்கத்தில் "சப்கியூட்டேனியஸ்" என்ற சொல் வரக்கூடாது, "ஜஸ்ட் அண்டர் த ஸ்கின்" போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாமல், இடையில் நிறுத்தி, "இஸ் தட் கிளியர் ஸோ ஃபார்?" என்று கேளுங்கள். முடிக்கும் முன், வீட்டில் எப்படிப் போட்டுக்கொள்வார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இரவுப் பணியில் இருப்பவர்கள் அன்று தமிழில் பேசிய ஓர் உரையாடலை மட்டும் விடுதிக்குத் திரும்பியதும் ஆங்கிலத்தில் நடத்திப் பதிவு செய்தாலே நல்ல பயிற்சியாகும்.

தேதி குறிப்பதும் மறுமுறை எழுதுவதும்

வாசிப்புக்கும் கேட்டலுக்கும் மாதிரித் தாள்கள் இரு தேர்வுகளின் அதிகாரபூர்வ இணையதளங்களிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. நேரம் வைத்துச் செய்து பாருங்கள். பேச்சைப் பொறுத்தவரை, முன்பின் பார்த்திராத தலைப்பில் இரண்டு நிமிடம் தடங்கலின்றிப் பேச முடிகிறபோதுதான் தேதியைப் பதிவு செய்ய வேண்டும். பதிவில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறதா, சுருக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் மையம் எடுத்தால், களியக்காவிளைக்கு அப்பால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலை நம்பிக் காலையில் பேருந்து ஏறாமல், முந்தைய நாளே போய்த் தங்குவது உத்தமம்.

ஐல்ட்ஸ் முடிவு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், படிப்புச் சான்றிதழ்களும் பதிவு வேலைகளும் நகரத் தொடங்கும் முன்பே அவசரப்பட்டு எழுத வேண்டாம். ஒரு பிரிவில் மட்டும் அரை பேண்ட், அதாவது 7க்குப் பதில் 6.5 என்பதுபோல், குறைந்துவிட்டால், கணினி வழித் தேர்வு எழுதியவர்கள் 60 நாளுக்குள் அந்தப் பிரிவை மட்டும் மறுபடி எழுதும் வசதி இருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனங்களும் அந்த முடிவை ஏற்பதில்லை, ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.